மூன்று லட்சம் படச் சீட்டுகள்

மனிதர்களுக்குப் பிடிக்கும் பைத்தியங்கள் பலவிதம். அவற்றில் பெரும்பாலானவை வயது ஏற ஏறத் தாமாகவே தெளிந்துவிடுகின்றன. நாடகப் பைத்தியம் கல்யாணமானதும் பாதி தெளிகிறது. குழந்தை பிறந்ததும் மீதிப் பாதியும் தெளிகிறது. சாப்பாட்டுப் பைத்தியத்துக்கு ஒரு நாள் டாக்டர் வந்து முற்றுப்புள்ளி வைக்கிறார். சேகரிக்கும் பைத்தியம் ஒன்றுதான் இந்தப் பொது விதிக்குக் கட்டுப்படாதது. பத்து வயதில் ஒரு பையன் பழைய அட்டைப் பெட்டி ஒன்றைத் தேடி எடுத்து, கட்டிலுக்கடியில் வைத்து, அதில் எதையோ போட ஆரம்பித்தான் என்றால், அவனுடைய அறுபதாவது வயதிலும் அந்தப் பெட்டி அங்கேயே இருக்கும். பெட்டிகளின் எண்ணிக்கைதான் கூடியிருக்கும். நடுவில் ஏதாவது ஒரு போகிப் பண்டிகையில் அது அக்கினி பகவானுக்கு ஆகுதியாகாமல் தப்பியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

தபால் தலை சேர்ப்பவர்களை நேயர்கள் அறிவார்கள். நாணயம் சேர்ப்பவர்களையும் அறிவார்கள். அவர்களுக்கு உலகத்தில் ஒரு கௌரவம் உண்டு. ஏனென்றால் தபால் தலையும் நாணயமும் அரசாங்க முத்திரை பெற்ற பொருள்கள். இந்த வாரம் நாம் சொல்லப் போவது அப்படிப்பட்ட கௌரவம் எதுவுமில்லாத ஒரு பொருளைப் பற்றி. சிகரெட்டுப் பெட்டியிலும் மிட்டாய்ப் பொட்டலத்திலும் இனாமாக வந்த துண்டு அட்டைப் படங்கள் அவை. நம் ஊர்ப் பையன்கள் தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்து, தன்னிடம் இரண்டு இருப்பதில் ஒன்றைச் சிநேகிதனிடம் கொடுத்து, தன்னிடம் இல்லாத ஒன்றை வாங்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? அதே பண்டமாற்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடந்தபோது அதற்கென்றே படச் சீட்டுகள் அச்சாயின. பண்டமாற்று வளர்ந்து வியாபாரமாயிற்று. வியாபாரம் வளர்ந்து இன்று கோடிக்கணக்கான டாலரில் வந்து நிற்கிறது. ஆயினும் இந்தக் கதையில் நம் மனத்தைக் கவர்ந்த மனிதர் கோடீசுவரர் அல்ல. அவர் ஒரு தொழிற்சாலையில் சம்பளத்துக்கு உழைத்தவர். பெயர் ஜெபர்சன் பர்டிக். அவரிடம் போவதற்கு முன், இந்தச் சீட்டு எப்படிப் பிறந்தது என்று பார்த்துவிடுவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் சிகரெட்டுகள் மெல்லிய காகித உறையில் விற்கப்பட்டன. சட்டைப் பையில் போட்டால் நசுங்கிப் போகும். நசுங்காமல் இருப்பதற்காக உள்ளே ஒரு கெட்டி அட்டையை வைத்தார்கள். வெற்று அட்டையை வைப்பானேன், அதில் ஒரு படம் போட்டால் என்ன என்று யாரோ ஒரு புத்திசாலிக்குத் தோன்றியிருக்கிறது. வர்ஜீனியா மாகாணத்து ரிச்மண்ட் நகரில் இருந்த ஆலன் அண்டு ஜிண்டர் கம்பெனி இந்த யுக்தியைக் கலையாகவே வளர்த்தது. 1887-ல் அது வெளியிட்ட ‘உலக வீரர்கள்’ வரிசையில் 50 சீட்டுகள். பேஸ்பால் என்று அமெரிக்கர் உயிரை விடும் ஓர் ஆட்டம் இருக்கிறதே, கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் போன்றது, அந்த ஆட்டக்காரர்கள் பத்துப் பேர் அதில் இடம் பெற்றார்கள். மற்றவை குத்துச்சண்டைக்காரர்கள், மல்லர்கள், படகோட்டிகள், குறி தவறாமல் சுடுகிறவர்கள் ஆகியோரின் படங்கள். இன்னொரு வரிசையில் பறவைகள்; மற்றொன்றில் தேசக் கொடிகள்; வேறொன்றில் மீன்கள்; கடற்கொள்ளைக்காரர்களுக்கு என்று தனியாக ஒன்று!

இதில் கவனிக்கவேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. படம் அழகாக இருந்தது என்பது பெரிய காரியமில்லை. வரிசையில் மொத்தம் ஐம்பது என்று தெரிவித்தார்கள் பாருங்கள், அங்கேதான் இருக்கிறது சாமர்த்தியம். கையில் முப்பத்தேழு சீட்டு இருக்கிறவன் முப்பத்தேழு கிடைத்ததே என்று சந்தோஷப்படுவதில்லை; பதின்மூன்று இல்லையே என்றுதான் ஏங்குகிறான். மனித சுபாவத்தின் இந்தப் பலவீனத்தைச் சிகரெட்டு முதலாளிகள் சித்த வைத்தியர் நாடி பிடிப்பதுபோல் பிடித்துவிட்டார்கள். படத்துக்கு ஆசைப்பட்டவர்கள் குழந்தைகள். புகை பிடித்தவர்கள் தகப்பனார்கள். இந்த ஏற்பாட்டை நாம் கொஞ்சமும் சிலாகிக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். சேற்றில் செந்தாமரை முளைத்தால், தாமரையைப் பற்றி எழுதுவதனால் சேற்றுக்கு வக்காலத்து வாங்கியதாக ஆகாது.

1890-ல் பெரிய சிகரெட்டுக் கம்பெனிகள் ஒன்றாகச் சேர்ந்து அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி என்ற ஒரே ஸ்தாபனமாயின. போட்டி ஒழிந்தது; போட்டி ஒழிந்ததும் இனாமும் சுருங்கியது. சில வருஷங்களில் படச் சீட்டுகள் ஏறக்குறைய மறைந்தே போயின. பிறகு 1909 முதல் 1911 வரையில் மறுபடியும் ஒரு வெள்ளம் வந்தது. அந்த வெள்ளத்தில் வந்ததுதான் வெள்ளை ஓரம் வைத்த பேஸ்பால் வரிசை. ஒவ்வொரு சீட்டும் நம் கட்டைவிரலைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். ஆனால் வரிசையில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட சீட்டுகள். 1911-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தப் பெரிய கம்பெனியைக் கலைத்துவிடும்படி தீர்ப்புச் சொல்லிற்று.

இந்த இரண்டாவது வெள்ளத்தின்போது நியூயார்க் ராஜ்யத்தில் சென்ட்ரல் ஸ்கொயர் என்ற சிற்றூரில் பத்து வயதுப் பையனாக இருந்தவர் ஜெபர்சன் பர்டிக். பிறந்தது 1900-ல். சிரக்யூஸ் சர்வகலாசாலையில் படித்தார். பிறகு அதே சிரக்யூஸ் நகரில், மின்சாரச் சாமான்கள் செய்யும் கிரௌஸ்-ஹைண்ட்ஸ் தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆஸ்தி என்று சொல்லும்படி எதுவுமில்லை. முப்பது வயதைத் தாண்டியதும் கீல்வாதம் வந்து பற்றிக்கொண்டது. விரல் மூட்டுகள் வீங்கி முறுக்கிக்கொள்ளும் கொடிய நோய். கையால் வேலை செய்து பிழைக்கும் மனிதனுக்கு இதைவிடப் பெரிய சோதனை என்ன வேண்டும்?

மற்றப் பையன்களைப்போல் பர்டிக்கும் சிறு வயதில் சீட்டுகளைச் சேர்த்தார். மற்றப் பையன்கள் விட்டுவிட்டார்கள், அவர் விடவில்லை. இது ஒன்றே அவருடைய பெருமை என்றால் நாம் பேனாவைத் தொட்டிருக்கமாட்டோம். விடாமல் சேர்த்தவர்கள் வேறு சிலரும் அந்த நாட்டில் இருந்தார்கள். ஆனால் ஒருவர் பெட்டியில் இருப்பது என்ன என்று இன்னொருவருக்குச் சொல்ல வழியில்லை. சீட்டுகளில் பலவற்றில் வருஷம் இல்லை. வரிசைக்குப் பெயர் இல்லை. ஒரே படம் பல சிகரெட்டுகளின் பெயரைப் பின்புறத்தில் தாங்கி வந்திருக்கிறது. “என்னிடம் வெள்ளை ஓரம் வைத்த பேஸ்பால் சீட்டு இருக்கிறது, பெரியதல்ல, சின்னது, பின்புறம் நீல எழுத்து” என்று கடிதம் எழுதினால், எதிரில் இருப்பவர் எதைப் புரிந்துகொள்வார்? மூலிகைகளுக்குப் பெயரே வைக்காமல் வைத்தியம் நடத்துவதுபோல் இருந்தது நிலைமை.

பர்டிக் பெயர் வைத்தார். 1937-ல் சேகரிப்பவர்களுக்கென்று ஒரு சிறு பத்திரிகை தொடங்கினார். 1939-ல் ஒரு ஜாபிதாவை வெளியிட்டார். பின்னால் பல பதிப்புகள் கண்டு ‘அமெரிக்கன் கார்டு காட்டலாக்’ என்ற பெயருடன் அது நிலைபெற்றது. அவருடைய முறை வெகு எளிது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலைச் சீட்டுகளுக்கு ‘என்’ என்ற எழுத்து. இருபதாம் நூற்றாண்டுப் புகையிலைக்கு ‘டி’. பழைய மிட்டாய்ச் சீட்டுக்கு ‘ஈ’. பிற்கால மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் ‘ஆர்’. ரொட்டிக் கடைகள் கொடுத்தவற்றுக்கு ‘டீ’யை ஒட்டிய இன்னோர் எழுத்து, இப்படியே மற்றவற்றுக்கும். எழுத்துக்குப் பக்கத்தில் ஓர் எண். அவ்வளவுதான். ஆலன் அண்டு ஜிண்டரின் ‘உலக வீரர்கள்’ வரிசை ‘என்-28’ ஆயிற்று. வெள்ளை ஓரப் பேஸ்பால் வரிசை ‘டி-206’ ஆயிற்று. அதற்கு முன் எண் பெற்ற ‘டி-205’ தங்க ஓரம் வைத்தது.

இன்றைக்கும் அமெரிக்காவில் ஒரு ஏலக்காரர் சுத்தியலை ஓங்கிக்கொண்டு ‘டி-206’ என்று முழங்கும்போது, சிரக்யூஸ் தொழிலாளி ஒருவர் இராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து, முறுக்கிய விரல்களால் எழுதி வைத்த எண்ணைத்தான் உச்சரிக்கிறார். அவருக்கே அது தெரிந்திருக்குமோ என்னவோ!

பர்டிக்கின் கண்ணுக்கு எல்லாச் சீட்டும் சமம் என்பதையும் கவனிக்க வேண்டும். பேஸ்பால் சீட்டைத்தான் இன்று எல்லோரும் துரத்துகிறார்கள். அவருடைய சேகரத்தில் மொத்தம் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட உருப்படிகள். அவற்றில் பேஸ்பால் சீட்டுகள் 30,000-த்துக்குச் சற்று மேல். பத்தில் ஒரு பங்குதான்! மீதியெல்லாம் கடைக்காரர்கள் கொடுத்த விளம்பரச் சீட்டுகள், தபால் கார்டுகள், பறவைகள், கொடிகள், நடிகைகள், கப்பல்கள். ஒரு காலத்தில் சாமானிய ஜனங்கள் எதைக் கண்டு சிரித்தார்கள், எந்தத் தொப்பியை நாகரிகம் என்று நினைத்தார்கள், எந்தச் சோப்பை வாங்கினார்கள் என்பதெல்லாம் சரித்திரப் புத்தகத்தில் வருவதில்லை. இந்தக் குப்பையில்தான் இருக்கிறது. யுத்தங்களையும் சமாதான உடன்படிக்கைகளையும் எழுதி வைப்பதற்கு அரசாங்கத்தில் குமாஸ்தாக்கள் இருக்கிறார்கள். சோப்பு விளம்பரத்துக்கு யார் இருக்கிறார்கள்?

உடம்பு நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே வந்தது. சேர்த்ததையெல்லாம் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. சேகரிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் வரும் கேள்வி இது. பெரும்பாலோர் அதை மறுநாளைக்கு என்று ஒத்திப் போட்டு, கடைசியில் வாரிசுகளின் தலையில் கட்டிவிட்டுப் போகிறார்கள். பர்டிக் ஒத்திப் போடவில்லை. நியூயார்க் நகரத்தில் மெட்ரோபாலிடன் கலைக்கூடம் இருக்கிறது. உலகத்துப் பெரிய கலைக்கூடங்களில் ஒன்று. அதன் அச்சுப் படப் பிரிவில் டியூரர் செதுக்கியதும் ரெம்பிராண்ட் வரைந்ததும் உறைகளில் பத்திரமாக உறங்குகின்றன. சிகரெட்டுப் பெட்டிப் படங்களை எடுத்துக்கொண்டு அந்த வாசலுக்குப் போவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 1947-ல் பர்டிக் அதைச் செய்தார்.

அப்போது அந்தப் பிரிவின் தலைவராக இருந்தவர் ஹயாட் மேயர் என்ற அறிஞர். வேறொருவராயிருந்தால் வந்தவரை மரியாதையாக வழியனுப்பியிருப்பார். மேயர் அப்படிச் செய்யவில்லை. இந்தச் சீட்டுகளும் அச்சுக் கலையின் சரித்திரமே என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் மூன்று லட்சம் துண்டுகளை வகை பிரித்து அடுக்குவதற்குக் கலைக்கூடத்தில் ஆள் ஏது? சேகரித்தவரே அடுக்கித் தர வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. பர்டிக் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட அந்த மனிதருக்கு ஒரு சீட்டை மேஜையிலிருந்து எடுப்பதே கஷ்டமான காரியம் என்பதை மட்டும் நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பதினைந்து வருஷம் அந்த வேலை நடந்தது. ஆரம்பத்தில் சிரக்யூஸிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினார். 1959-ல் தொழிற்சாலை வேலை முடிந்ததும் நியூயார்க்குக்கே குடி வந்துவிட்டார். அச்சுப் படப் பிரிவில் ஒரு மூலையில் அவருக்கு ஒரு சிறு மேஜை கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்து, ஒவ்வொரு சீட்டாக எடுத்து, பசை தடவி, ஆல்பத்தின் ஏட்டில் அதற்குரிய இடத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தார். சீட்டுகளோ லட்சக்கணக்கில், நாட்களோ எண்ணிக்கைக்குட்பட்டவை. இது பர்டிக்குக்கு நன்றாகத் தெரியும். நோய் முந்துமா, வேலை முந்துமா என்று அந்த மூலையில் ஒரு பந்தயம் நடந்துகொண்டிருந்தது. பக்கத்து மேஜைகளில் ரெம்பிராண்டைப் பார்க்க வந்த பண்டிதர்கள் அதை அறிந்தார்களோ, இல்லையோ.

1963-ஆம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி மாலை வேலை முடிந்தது. பர்டிக் மெல்ல எழுந்து, மேல் அங்கியை எப்படியோ உடம்பில் நுழைத்துக்கொண்டு, இனிமேல் தாம் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். மார்ச் 13-ந் தேதி காலமானார்.

இந்தச் சரித்திரத்தைச் சொன்ன கையோடு சந்தையின் சரித்திரத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பர்டிக்கின் ஜாபிதாவில் சாதாரணச் சீட்டுகளுக்குப் போட்ட விலை சில சென்டுகள்தான். அப்படியானால் கோடிகள் எங்கிருந்து வந்தன?

‘டி-206’ வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற பிட்ஸ்பர்க் ஆட்டக்காரரின் சீட்டு ஒன்று உண்டு. கொஞ்சம் அச்சானதும் அதை நிறுத்திவிட்டார்கள். குழந்தைகள் தம் படத்துக்காகச் சிகரெட்டு வாங்கக் கூடாது என்று வாக்னர் ஆட்சேபித்தார் என்பது ஒரு கட்சி. பணம் போதவில்லை என்று ஆட்சேபித்தார் என்பது எதிர்க்கட்சி. அவரே புகையிலை மெல்லுகிறவர் என்பதை எதிர்க்கட்சிக்காரர்கள் சாட்சியாகக் காட்டுகிறார்கள். காரணம் எதுவானாலும், இன்று ஐம்பது அறுபது பிரதிகளுக்கு மேல் இருப்பதாகத் தெரியவில்லை. 2022-ல் அவற்றில் ஒன்று 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலை போயிற்று.

அதே 2022-ல் மிக்கி மாண்டில் என்ற இன்னோர் ஆட்டக்காரரின் சீட்டு ஒரு கோடியே 26 லட்சம் டாலருக்குப் போயிற்று. இது 1952-ல் டாப்ஸ் என்ற சூயிங்கம் கம்பெனி வெளியிட்ட வரிசையில் 311-ஆம் எண். அந்த வரிசையின் கடைசிப் பகுதி வெளிவந்தபோது பேஸ்பால் பருவம் முடியும் சமயம்; பையன்களின் கவனம் வேறு ஆட்டத்துக்குப் போய்விட்டது. சீட்டுகள் விற்கவில்லை. கிடங்கை அடைத்துக்கொண்டு பல வருஷம் கிடந்தன. 1960-ல் கம்பெனி அதிகாரியான சை பெர்கர் என்பவர் அவற்றைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் சமுத்திரத்தில் கொட்டிவிட்டு வந்தார். அவரே பிற்காலத்தில் சொன்ன கதை இது. சமுத்திர ராஜன் வாங்கிக்கொண்டது போக மிச்சம் இருப்பதுதான் கோடிக்குப் போகிறது!

அமெரிக்கத் தாய்மார்களும் சமுத்திர ராஜனுக்குக் குறைந்தவர்களல்லர். பிள்ளை காலேஜுக்கோ யுத்தத்துக்கோ போனதும் அறையை ஒழித்து, சீட்டுப் பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். பின்னால் விலை ஏறியபோது அந்தப் பிள்ளைகள் எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். 1980-களின் முடிவில் அவர்கள் ஒரு தீர்மானத்துக்கு வந்தார்கள். இனி ஒரு சீட்டைக்கூட எறிவதில்லை! தம் குழந்தைகளின் படிப்புச் செலவுக்கு ஆகும் என்று பெட்டி பெட்டியாக வாங்கி, பிரிக்காமலே பரணில் அடுக்கினார்கள். கம்பெனிகளும் சளைக்காமல் அச்சடித்துக் குவித்தன. எல்லோரும் பத்திரப்படுத்திய பொருளுக்கு யார் விலை கொடுப்பார்கள்? அந்தப் பெட்டிகளுக்கு அச்சுக் கூலிகூட இன்று பெயர்வதில்லை. தங்கள் தாயாருக்கு மறைமுகமாக எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியிருக்கும்.

பணம் புகுந்த இடத்தில் பரிசோதகரும் புகுவார். 1991-ல் ஏற்பட்ட ஒரு கம்பெனி, சீட்டு எவ்வளவு கசங்காமல் இருக்கிறது என்று ஒன்றிலிருந்து பத்து வரையில் மார்க்குப் போட்டு, கண்ணாடி போன்ற பெட்டிக்குள் வைத்து மூடிக் கொடுக்கிறது. அந்தக் கம்பெனி முதன்முதலாக மார்க்குப் போட்டது ஒரு வாக்னர் சீட்டுக்குத்தான். அப்பழுக்கற்ற அந்தச் சீட்டை உலகமே வியந்தது. அதன் ஓரங்களைச் சீராக்குவதற்காகத் தாமே கத்தரித்ததாக, அதை முன்னால் விற்ற வியாபாரி 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்! ஆனாலும் சீட்டின் மதிப்பு ஒன்றும் குலைந்துவிடவில்லை. பொய் வெளிப்பட்ட பிறகு அதன் கீர்த்தி ஒரு சுற்றுப் பெருத்துத்தான் போயிருக்கிறது.

இந்தப் பரிசோதகர்கள் பர்டிக்கின் ஆல்பத்தைப் பார்த்தால் மூர்ச்சை போட்டு விழுவார்கள். பசை தடவியல்லவா ஒட்டியிருக்கிறார்! பின்புறம் பசை பட்ட சீட்டுக்குச் சந்தையில் மதிப்புப் பாதாளத்துக்குப் போய்விடும். சேகரிப்பவர்களில் சிலர் அதை நினைத்து இன்றும் பெருமூச்சு விடுகிறார்கள். நமக்கு அந்த வருத்தம் இல்லை. விற்க நினைப்பவன்தான் ஒட்டப் பயப்படுவான். இனி இது விலைக்கு இல்லை, இதன் இடம் இந்த ஏடு, இதற்கு முன் அந்தச் சீட்டு, இதற்குப் பின் இந்தச் சீட்டு என்று பர்டிக் பசையால் சாசனம் எழுதிவிட்டார். பசையைவிட நல்ல முறைகள் இன்று இருக்கின்றன என்பது உண்மையே; அமிலமற்ற காகிதத்தில் மூலை செருகி வைக்கலாம்.

நம் குடும்பங்களில் இப்படிப்பட்ட ஒரு பிள்ளை இருந்தால், அவனுக்குச் சில வார்த்தை சொல்ல ஆசைப்படுகிறோம். எதைச் சேர்ப்பது என்று முதலில் ஓர் எல்லை போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வரிசை, ஒரு காலம், அல்லது ஒரே பொருளைப் பற்றிய படங்கள். பறவை என்றால் பறவை. எல்லை இல்லாதவனுக்குக் கிடைப்பது குவியல். பிறகு, எது இல்லை என்பதற்கு ஒரு ஜாபிதா எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளதற்கு எழுதுவதைவிட இல்லாததற்கு எழுதும் ஜாபிதாதான் அதிகம் பயன்படும். இரட்டைகளை ஒளித்து வைக்கக் கூடாது; சிநேகிதர்கள் கிடைப்பது அவற்றால்தான். பர்டிக்குக்குச் செல்வம் இல்லாத குறையைத் தீர்த்தவர்கள் நாடு முழுவதிலும் அவரோடு கடிதம் எழுதிச் சீட்டு மாற்றிக்கொண்ட சக பைத்தியங்களே. பாதி வரிசை ஒரு மாதத்தில் சேரும். அடுத்த கால்பாகம் ஒரு வருஷத்தில் சேரும். கடைசிப் பத்துச் சீட்டுக்குப் பத்து வருஷம் ஆனாலும் ஆகும்.

ஆனால் அந்தக் கடைசிச் சீட்டு உண்மையிலேயே இருக்கிறதா என்பதையும் விசாரித்துக்கொள்வது நல்லது! 1933-ல் போஸ்டன் நகரத்து கௌடி சூயிங்கம் கம்பெனி 240 சீட்டு கொண்ட ஒரு வரிசை வெளியிட்டது. பர்டிக் வைத்த எண் ‘ஆர்-319’. அமெரிக்கப் பையன்கள் சூயிங்கத்தை மென்று மென்று தாடை வலித்ததுதான் மிச்சம். 106-ஆம் எண் மட்டும் யாருக்கும் வரவில்லை. எப்படி வரும்? கம்பெனி அதை அச்சடிக்கவே இல்லை. சில பையன்களும் பெற்றோர்களும் விடாமல் புகார்க் கடிதம் எழுதினார்கள். அதன் மேல் கம்பெனி 1934-ல் 106-ஆம் எண்ணை அச்சடித்து, எழுதிக் கேட்டவர்களுக்கு மட்டும் தபாலில் அனுப்பியது. நாப் லாஜுவே என்ற பழைய ஆட்டக்காரரின் படம் அது. கடிதம் எழுதச் சோம்பல்பட்ட பையன்களின் வரிசையில் அந்த இடம் காலியாகவே நின்றுவிட்டது. இன்று அந்தச் சீட்டு அபூர்வங்களில் ஒன்று.

இங்கிலாந்திலும் பர்டிக்குக்கு ஒரு பங்காளி உண்டு. எட்வர்ட் வார்ட்டன்-டைகர் என்பவர். 1913-ல் பிறந்து 1995-ல் காலமானவர். இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டனுக்காக இரகசிய நாச வேலைகள் செய்தவர். பிறகு சுரங்கக் கம்பெனி நிர்வாகி. டாஞ்சியரில் ஜெர்மானியர்கள் கப்பல்களை வேவு பார்த்த நிலையத்தை வெடி வைத்துத் தகர்த்த மனிதர், இராத்திரியில் உட்கார்ந்து சிகரெட்டுச் சீட்டுகளை வகை பிரித்துக்கொண்டிருந்தார் என்றால் நம்பச் சிரமமாக இருக்கிறதல்லவா? காகிதப் பஞ்சத்தால் 1940-ல் பிரிட்டிஷ் கம்பெனிகள் படச் சீட்டு போடுவதை நிறுத்திவிட்டன. நின்றுபோன பொருள் என்பதனாலேயே அதை முழுவதும் சேர்த்துவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்கு வந்திருக்கும்போலும். இருபது லட்சம் சீட்டுக்கு மேல் சேர்த்தார். அவ்வளவையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு எழுதி வைத்தார். எண்ணிக்கையில் அவர் பர்டிக்கை எங்கேயோ விட்டுவிட்டார். ஆனால் அவரிடம் பணமும் இருந்தது, கைவிரல்களும் சரியாக இருந்தன.

பர்டிக்கின் ஆல்பங்கள் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்தில் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. பேஸ்பால் சீட்டுகளிலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, வெளிச்சம் பட்டு நிறம் மங்காதிருக்கும் பொருட்டு அவ்வப்போது மாற்றி மாற்றிக் காட்சிக்கு வைக்கிறார்கள். பல சீட்டுகளைப் புகைப்படம் எடுத்து, உலகத்தில் எங்கிருந்தும் இனாமாகப் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். வாக்னர் சீட்டும் அந்தச் சேகரத்தில் உண்டு. ‘டி-206’ வரிசையில், சில சென்டுக்கு மேல் பெறாத ஆட்டக்காரர்களின் நடுவே, தன் முறைக்கு உரிய இடத்தில் அதுவும் ஒரு சீட்டு.